‘கேள்வி எழவில்லை’: பாராளுமன்ற வினா விடையைப் பிரதியாக வாசித்தல்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பாராளுமன்றத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் ஆறேழு வருஷத்துக்கு முன்புவரை இருந்தது. கருக்களாச்சேரியில் எங்கள் தெருப் பையன்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்து, டெல்லியில் ஒரு மந்திரியைக் கேட்கச் சொல்லி ஒரு கேள்வியை எழுதி அனுப்பினோம். அந்தக் கேள்விக்கு என்ன ஆச்சு என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்காகப் பழைய கேள்விகளையும் பதில்களையும் தேடி வாசிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே முடியவில்லை. கலாச்சாரம், விளையாட்டு, ஒலிபரப்பு என்று மூன்று துறைகளைப் பற்றியவை. அரசு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டிருக்கும் மிகப் பெரிய உரைநடைத் தொகுதி இது என்று தோன்றியது. நாம் நாவலையும் கவிதையையும் கட்டுடைத்துக்கொண்டிருக்கிறோம். நம் வாழ்வை எழுதும் இந்தப் பிரதியை யாரும் தொடவில்லை.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1892-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டம்தான் சட்டசபையில் கேள்வி கேட்கும் உரிமையைக் கொண்டுவந்தது. பதிலைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். துணைக்கேள்வி கேட்கும் உரிமை 1909-இல்தான் வந்தது. இன்றைக்கு மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். இவற்றுக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்விகளும் உண்டு. நட்சத்திரமில்லாதவை 230, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில். உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு முறை. வந்து குவிகிற கேள்விகளில் எது பட்டியலில் ஏறுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஆமாம், ஏலச்சீட்டு மாதிரிக் குலுக்கல்தான்.

கேள்விக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. மக்களவை விதிகளில் 41-ஆம் விதி. சாதாரணமாக 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. வாதம் கூடாது, அனுமானம் கூடாது, வசைச்சொல் கூடாது, அபிப்பிராயம் கேட்கக்கூடாது. எனக்குப் பிடித்தது, நையாண்டியும் கூடாது என்பது. வஞ்சப்புகழ்ச்சி அணியைச் சட்டம்போட்டுத் தடைசெய்த ஒரே இலக்கண நூல் இதுவாகத்தான் இருக்க வேண்டும். வடிவமும் நிலைபெற்றுவிட்டது: (அ) இன்னது உண்மையா? (ஆ) ஆமெனில் அதன் விவரங்கள் என்ன? (இ) இல்லையெனில் அதற்கான காரணங்கள் என்ன? கட்டளைக் கலித்துறைக்கு எழுத்து எண்ணுவதுபோல எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பவணந்தி நன்னூலில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்கிறார். பி.ஏ.வில் மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு மறந்துபோன நூற்பாக்கள். இந்தப் பதில்களை வாசிக்கும்போதுதான் அவை எதற்கு என்று விளங்கியது. தெரியாமல் கேட்பது அறியாவினா. பாராளுமன்றத்தில் அது அபூர்வம். எதிர்க்கட்சி உறுப்பினர் விடையைக் கையில் வைத்துக்கொண்டே, மந்திரி வாயிலிருந்து வரட்டும் என்று கேட்பது அறிவினா. ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து, அரசு இன்ன திட்டத்தில் இத்தனை சாதனை செய்திருப்பது உண்மையா என்று கேட்பதை எந்த வகையில் சேர்ப்பது? கொடைவினா. மந்திரிக்குப் பேச ஒரு வாய்ப்பைத் தானம் செய்கிறார். ஒரு நாள் பட்டியலை எடுத்துக்கொண்டு கொடைவினாக்களை எண்ணிப் பாருங்க, நல்ல பயிற்சி.

விடைதான் உண்மையான ருசி. எட்டில் முதல் மூன்றான சுட்டு, மறை, நேர் ஆகியவற்றைச் செவ்வன் இறை, அதாவது நேரான பதில், என்பார்கள் உரைகாரர்கள். மற்ற ஐந்தும் சுற்றிவளைத்துப் பொருள் தருபவை. ‘இது செய்வாயா’ என்று கேட்டால் ‘நீயே செய்’ என்பது ஏவல் விடை. ‘செய்யாமல் இருப்பேனா’ என்று திருப்பிக் கேட்பது வினா எதிர் வினாதல். ‘உடம்பு வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல், ‘உடம்பு வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘ஆடுவாயா’ என்றால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி. ஒரு தேசத்தின் பண்பாட்டுக் கொள்கை முழுவதும் இந்த ஐந்துக்குள்ளேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 33-ஆம் பதிவில் நாடகம், சினிமா, கேளிக்கையோடு சேர்ந்து விளையாட்டு இருக்கிறது. ஆகவே ஒரு மைதானத்தைப் பற்றிக் கேட்டால் பதிலின் முதல் வரி, விளையாட்டு மாநில அரசுகளின் பொறுப்பு, மத்திய அரசு அவர்களின் முயற்சிக்குத் துணை நிற்கிறது என்பதாக இருக்கும். சுத்தமான ஏவல் விடை. நீயே செய். ஆனால் பணம் கொடுக்கும்போது மட்டும் விளையாட்டு தேசத்தின் விஷயமாகிவிடுகிறது. கேலோ இந்தியா திட்டத்தில் விளையாட்டுக் கட்டமைப்புக்கு ஒதுக்கிய தொகையைப் பற்றி 2022-இல் வந்த பதிலில் குஜராத்துக்கு 600 கோடி ரூபாய்க்கு மேல், உத்தரப் பிரதேசத்துக்கு 500 கோடிக்கு மேல், தமிழ்நாட்டுக்கு 33 கோடி. ஏன் என்றால், மாநிலங்கள் அனுப்பும் முன்மொழிவுகளைப் பொறுத்து என்பார்கள். மறுபடியும் ஏவல்.

எங்கள் ஊர் விஷயத்தில் இந்த ஏவல் எங்கே போய் விழுகிறது? காரைக்கால் தமிழ்நாடு இல்லை. நான்கு பக்கம் சிதறிக் கிடக்கும் ஒரு யூனியன் பிரதேசத்தின் துண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் மண்ணில், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். நான்குக்கும் சேர்த்து மக்களவையில் ஒரு உறுப்பினர், மாநிலங்களவையில் ஒருவர். சட்டசபை இருக்கிறது, ஆனால் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் தலைக்கு மேல் துணைநிலை ஆளுநரும் டெல்லியும். மாநிலமே இல்லாத ஊருக்கு ‘மாநிலத்தின் பொறுப்பு’ என்று ஒரு பதில்.

பதில்களோடு வரும் ‘இணைப்பு’ என்ற அட்டவணைகளைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். எல்லாம் மாநிலவாரி. புதுச்சேரி என்று ஒரு வரி கடைசியில் இருக்கும். காரைக்காலுக்கு வரி கிடையாது. புதுச்சேரிக்கு ஒரு கோடி என்றால் அது நூற்றுமுப்பது கிலோமீட்டர் தெற்கே வந்ததா என்று அந்தக் காகிதத்திலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. கேள்வியிலேயே ‘மாவட்டவாரியாக’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் கேட்கலாம். இந்த ஒரு சொல் இல்லாததால் எத்தனை ஊர்கள் காணாமல் போயிருக்கும் என்று யோசிக்கிறேன். விளிம்பு என்பதைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அட்டவணையில் வரிசை இல்லாமல் போவதுதான் விளிம்பு.

இதில் வரலாற்றின் சிரிப்பும் கொஞ்சம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மக்கள் ஓட்டுப்போட்ட பாராளுமன்றம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 1871 முதலே பிரெஞ்சிந்தியா பாரிஸ் பாராளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் தேர்தல்கள் எவ்வளவு அடிதடியாக நடந்தன என்பது வேறு கதை. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியா. பாரிஸிலும் நான்கு துண்டுக்கும் சேர்த்து ஒருத்தர், டெல்லியிலும் ஒருத்தர். சமுத்திரம் மாறியது, கணக்கு மாறவில்லை.

கலாச்சாரத்துக்கு வருவோம். கீழடி. 2014-இல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் வேலை ஆரம்பித்தது. 2017-இல் அவர் அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் கட்டத்தோடு மத்தியத் துறை விலகிக்கொள்ள, 2018-இலிருந்து தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தோண்டியது. 2019 செப்டம்பரில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பு வெளியானது. அமர்நாத் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து, 2025 மே மாதம், திருத்தித் தாருங்கள் என்று துறை கேட்டது. அவர் மறுத்தார். ஜூனில் மறுபடியும் இடமாற்றம். ஜூலையில் மக்களவையில் இதைப் பற்றிய கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தது. அறிக்கை நிபுணர்களின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது, அவர்கள் கருத்துகள் அகழாய்வாளருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளன, திருத்தங்கள் இன்னும் செய்யப்படவில்லை என்பது அதன் சாரம். எப்போது வெளியிடுவீர்கள் என்பதற்கு, உடம்பு வலிக்கிறது. தவறு திருத்தாதவர் பக்கம் இருப்பதுபோல வாக்கியம் நிற்கிறது. நிபுணர்கள் யார் என்ற கேள்வியை அந்த வாக்கியம் மென்று விழுங்கிவிட்டது. செயப்பாட்டு வினையை நாம் இலக்கணமாகப் படித்தோம், அரசு அதைத் தொழிலாகவே நடத்துகிறது.

ஆனாலும் இந்தப் பதில்களைத் துச்சமாக நினைக்கக் கூடாது. இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் மக்களவையில் செம்மொழிகளுக்குச் செலவிட்டது எவ்வளவு என்ற கேள்விக்கு மூன்று வருஷக் கணக்கு வந்தது. சமஸ்கிருதத்துக்கு 643.84 கோடி. தமிழுக்கு 22.94 கோடி. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் சுமார் மூன்று கோடி வீதம். மலையாளத்துக்கும் ஒடியாவுக்கும் எதுவுமில்லை. இது நேர் விடை. எண்ணுக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. இன்றுவரை மேடைதோறும் இந்தக் கணக்கு முழங்குகிறது. முழங்கட்டும். ஆனால் மேடையில் முதல் இரண்டு எண்களை மட்டும் சொல்லிவிட்டு மலையாளத்தையும் ஒடியாவையும் விட்டுவிடுகிறோமே, அது ஏன்? நம்முடையது மொழிகளின் சமத்துவத்துக்கான கோபமா, இரண்டாம் இடம் கிடைக்காத கோபமா?

இரண்டாவது, அதே 2020 செப்டம்பர் 14. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்துசெய்துவிட்டுக் கூடிய கூட்டத்தொடரின் முதல் நாள். 1962 சீனப் போரின்போதும் 1975 அவசரநிலையிலும் நடந்தது மறுபடி நடந்தது. எழுத்துப் பதில்கள் மட்டும் தப்பின. அப்படி வந்த ஒரு பதிலில்தான், 12,000 ஆண்டுக்கால இந்தியப் பண்பாட்டின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய நிபுணர் குழு அமைத்திருப்பதாகக் கலாச்சார மந்திரி பிரகலாத் படேல் சொன்னார். 16 பேர் கொண்ட குழு. பெண் ஒருத்தர்கூட இல்லை, தென்னிந்தியர் இல்லை, வடகிழக்கு இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள், பத்திரிகைகள் பேசின. யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்த ஒரு வேலை ஒரு பத்தி எழுத்தால் வெளியே வந்தது. நேரில் நின்று கேட்டிருந்தால் துணைக்கேள்வி பறந்திருக்கும். அது இல்லை. நட்சத்திரம் இல்லாத கேள்வியின் பலமும் பலவீனமும் இதில் சேர்ந்தே தெரிகிறது.

ஒலிபரப்பில் கதை வேறு மாதிரி. ஒன்றியப் பட்டியலின் 31-ஆம் பதிவில் தபால், தந்தி, தொலைபேசியோடு ஒலிபரப்பும் இருக்கிறது. எனவே ‘மாநிலத்தைக் கேள்’ என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் பிரசார் பாரதி. 1990-இல் சட்டமாகி, ஏழு வருஷம் தூங்கி, 1997 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. தன்னாட்சிக்காகப் பிறந்த அமைப்பு. அரசு அதற்கு ஆணையிடவும் அதே சட்டத்தில் இடமுண்டு. மந்திரியைக் கேட்டால் பதில் ‘பிரசார் பாரதி தெரிவித்துள்ளபடி’ என்று ஆரம்பிக்கும். தன்னாட்சி என்ற சொல் நடைமுறையில் மந்திரிக்குக் கிடைத்த சுட்டு விடை: அதோ, அங்கே கேள். 2020 நவம்பரில் மாநில மொழிச் சேனல்கள் தினமும் சமஸ்கிருதச் செய்தி ஒளிபரப்ப வேண்டும் என்று வந்த உத்தரவும், 2023 மே மாதம் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று சொல்லாதே, ‘ஆகாஷ்வாணி’ என்று மட்டும் சொல் என்று வந்த உத்தரவும் அந்தத் தன்னாட்சி வாயிலாகவே வந்தன.

விளையாட்டும் ஒலிபரப்பும் முட்டிக்கொண்ட இடத்தில்தான் இந்தியாவில் அலைவரிசையைப் பற்றிய முக்கியமான தீர்ப்பும் பிறந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு போட்டியின் ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தது, அரசு மறித்தது. 1995 பிப்ரவரி 9-இல் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது. பொதுச் சொத்து சீக்கிரமே தனியார் சேனல்களின் சந்தையானது. 2007-இல், தேசிய முக்கியத்துவமுள்ள போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று ஒரு சட்டம். 2017-இல் நீதிமன்றம், அப்படிப் பகிர்ந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தக் கோபுரம், இலவச டிஷ் வழியாக மட்டும், கேபிளில் கிடையாது என்று சொன்னது. அப்புறம் அந்தக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றையும் அணைத்துவிட்டார்கள். ஆக, எங்க தெருவில் கிரிக்கெட் பார்க்க காசு கட்ட வேண்டும். சரி, அது கிரிக்கெட், போகட்டும். ஆனால் தேசிய முக்கியத்துவம் என்ற அந்தப் பட்டியலில் எது இருக்க வேண்டும் என்று யார் யாரைக் கேட்டார்கள்?

எந்த மந்திரியைக் கேட்பது என்பதே பாதி அரசியல். ஜல்லிக்கட்டு விளையாட்டா, பண்பாடா? 2011 ஜூலையில் அதன் தலையெழுத்தை எழுதியது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை, காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளில் காளையைச் சேர்த்தது. 2014 தடை, 2017 மெரினா, 2023 மே தீர்ப்பு எல்லாம் அதன் பின்விளைவுகள். பெயரிடுவது, வகைப்படுத்துவது, கோப்பை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளுவது, இதைத்தான் ஃபூக்கோவை வைத்துப் பத்து வருஷம் பேசினோம். கடலோரத்தில் இது இன்னும் மோசம். மீனவனுக்கு மீன்வளத் துறை இருக்கிறது, சிறைப்பட்டால் வெளியுறவுத் துறை இருக்கிறது, 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பேரிடர்த் துறையும் இருக்கிறது. அவனுக்கு ஒரு பண்பாடு இருக்கிறது, அவன் பிள்ளை விளையாடுவான், அவன் ரேடியோ கேட்பான் என்பதற்கு மேசை கிடையாது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று எங்கப்பாவுக்குக் காற்றுக்குப் பெயர் உண்டு. ரேடியோ வானிலை அறிக்கையில் திசையும் கிலோமீட்டரும் வரும். அப்பா கேட்டுவிட்டு, “அப்ப கொண்டலு” என்று தனக்குத்தானே மொழிபெயர்த்துக்கொள்வார். இதைக் கலாச்சாரத் துறையில் கேட்பதா, ஒலிபரப்புத் துறையில் கேட்பதா, வானிலைத் துறையில் கேட்பதா?

எங்கள் கேள்வி இதையெல்லாம் சேர்த்ததுதான். அலையில் வளர்கிற பிள்ளைகளுக்கு நீச்சல், துடுப்பு, படகு விளையாட்டுகளில் பயிற்சி கொடுக்கக் கடலோர கிராமங்களில் ஏதாவது திட்டம் இருக்கிறதா, இருந்தால் காரைக்கால் மாவட்டத்தில் எத்தனை ஊர் என்பது அதன் மையம். எந்தத் தொகுதி உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம் என்பதால் ஓர் உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்பினோம். பெயர் வேண்டாம். முதல் வரைவு திரும்பி வந்தது. “கடலில் பிறந்தவர்களுக்கு நீச்சல் தெரியும் என்பதால்தான் அரசு குளம் வெட்டவில்லையா” என்று ஒரு உட்பிரிவு நான் எழுதியிருந்தேன். போனில் ஓர் இளைஞர், “சார், இதுல நக்கல் இருக்கு, எடுக்க மாட்டாங்க” என்றார். 41-ஆம் விதியை அப்போதுதான் முதலில் கேள்விப்பட்டேன். கேள்வி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பதால் மொழிபெயர்த்ததில் ‘துடுப்பு வலித்தல்’ ஒலிம்பிக்கில் ஆடும் ஒரு விளையாட்டின் பெயராகி, தெருவுக்கு அந்நியமாகிப்போனது. திருத்தி அனுப்பினோம். குலுக்கலில் விழவில்லை. கூட்டத்தொடர் முடிந்தது, அறிவிப்பும் காலாவதி. அடுத்த தொடருக்கு மறுபடி அனுப்பினோம், போனை யாரும் எடுக்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பையன் சொன்னான்: “ஏலத்துலயாவது மீனு நம்ம கண்ணு முன்னாடி விலை போவும்ணே.”

கேட்டது வீண் என்று நான் நினைக்கவில்லை. வேறு வழிகளைத் தெரிந்துகொண்டோம். ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசைமீது வைக்கப்படும்’ என்ற மழுப்பல்களை மந்திரி சொன்னால் அவை உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். 1953-இலிருந்து மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழி என்று ஒரு பட்டியலையே வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். உறுவது கூறல் விடையைப் பிடித்துவைத்து நேர் விடையாக்கும் முயற்சி. நம் நிகண்டு மரபில் மழுப்பலுக்கு யாரும் நிகண்டு செய்யவில்லை, பாராளுமன்றம் செய்திருக்கிறது. ஆகவே பழைய பதில்களைத் தேடி, நிறைவேறாத உறுதிமொழியைச் சுட்டிக் கேட்பது புதிய கேள்வியைவிட வலுவானது.

இன்னொன்று ‘(அ) முதல் (ஈ) வரை’ என்ற தந்திரம். நான்கு உட்பிரிவுக்கும் சேர்த்து ஒரே பத்தியில் பதில். மூன்றுக்கு விரிவாக இருக்கும், சிக்கலான நான்காவது அந்தப் பத்தியின் மடிப்பில் தொலைந்திருக்கும். வாசிக்கும்போது பென்சிலால் எந்த உட்பிரிவுக்கு எந்த வாக்கியம் என்று எண் போடுங்கள். எண் கிடைக்காத உட்பிரிவுதான் செய்தி. இதேபோல ‘(இ) கேள்வி எழவில்லை’ என்பது. (அ)-வுக்கு ‘இல்லை’ என்று மறைவிடை கொடுத்துவிட்டால் மற்றவை எழாமல் போகும். எனவே எல்லாவற்றையும் ‘ஆமெனில்’ என்ற ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. ஒவ்வொரு உட்பிரிவும் தன் காலில் நிற்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தபோது அதில் ஓர் அழகான வரி இருந்தது. பாராளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனி மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்பது அதன் பொருள். கருக்களாச்சேரிக்காரனையும் எம்.பி.யையும் ஒரே படியில் நிறுத்திய வரி. குலுக்கலில் விழாத கேள்வியைத் தபாலில் கேட்க முடிந்ததன் தார்மீக பலம் அதில்தான் இருந்தது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஓர் ஓரத்தில் அந்த வரியை நீக்க ஏற்பாடு செய்தார்கள். அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனை கட்டுரை வந்தது?

எங்கள் புதிய வரைவு தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்தமுறை மூன்று உறுப்பினர்களுக்கு, இரண்டு அவைக்கும். நக்கலை எடுத்துவிட்டேன். ‘மாவட்டவாரியாக’ சேர்த்தாகிவிட்டது. காற்றின் பெயர்களைப் பற்றிய உட்பிரிவைத் தனிக் கேள்வியாக்கி ஒலிபரப்புத் துறைக்கு எழுதியிருக்கிறோம்: கடலோர நிலையங்களின் வானிலை அறிவிப்பில் அந்தந்தக் கரையில் வழங்கும் காற்றுப் பெயர்களைச் சேர்ப்பது பற்றி ஏதும் வழிகாட்டுதல் உண்டா. ‘கொண்டல்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் பையன்களுக்குள் சண்டை. நான்கு எழுத்துக்கூட்டல் வந்திருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை.